வீடே மருத்துவமனையான வரலாறு

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் பயணம் செய்தவர்கள், தாம்பரத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயர்ப் பலகையைக் கவனித்திருப்பீர்கள். 'தாம்பரம் சானடோரியம்' என்று அதில் எழுதியிருக்கும். ஒரு ரயில் நிலையத்துக்கே பெயராகிவிட்ட இந்தச் 'சானடோரியம்' என்ற சொல்லின் பொருள் என்ன? காசநோய் கண்டவர்களை ஊரிலிருந்து பிரித்து, நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் கொடுத்து, மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் தங்க வைக்கும் இடம் என்பது பொருள். தாம்பரத்தில் இத்தகைய இடத்தை டாக்டர் சவுரி முத்து 1928-இல் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது.

இன்று உங்கள் தெருவில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரியவந்தால் அவர் சானடோரியத்துக்குப் போவதில்லை. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மாத்திரை பெற்று, வீட்டிலிருந்தபடியே உண்டு குணமாகிறார். இந்த மாற்றம் தானாக வரவில்லை. 'வீட்டிலேயே குணமாக்கலாம்' என்று யாரோ ஒருவர் நினைத்ததாலும் வரவில்லை. அதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க ஒரு சோதனை தேவைப்பட்டது. அந்தச் சோதனை நடந்த இடம் சென்னை. பல நாடுகளும் பல நிறுவனங்களும் கைகோத்து நடத்திய அந்தச் சோதனையின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மருந்தில்லாக் காலம்

1882 மார்ச் 24 அன்று பெர்லின் நகரில் ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய மருத்துவர், காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் மருந்து தெரியவில்லை. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்கள் கையில் இருந்த பெரிய ஆயுதம் சானடோரியமே.

நம் மக்கள் இந்நோயை 'எலும்புருக்கி' என்று அழைத்தார்கள். உடல் உருகிப் போகும் தோற்றத்தை அந்தப் பெயர் காட்டுகிறது. வசதி படைத்தவர் ஆரோக்கியவரத்துக்கோ தாம்பரத்துக்கோ சென்றனர். ஏனையோர் வீட்டின் ஒரு மூலையில் தனிப் பாயும் தனித் தட்டுமாகக் கிடந்தனர். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவரான புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30 அன்று இந்நோய்க்கே இரையானார். அப்போது அவருக்கு வயது 42.

அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. காசநோய்க்கு மருந்து உண்டு என்பதை முறையாக மெய்ப்பித்த அறிக்கை அது. நான்கு மாத இடைவெளி!

107 நோயாளிகள்

அம்மருந்தின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசின். 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ், மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். மருந்து வேலை செய்கிறது என்ற செய்தி பரவியது. ஆனால் 'வேலை செய்கிறது' என்பதை எப்படி அறிவது?

இயற்பியல் மாணவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். தனி ஊசலின் அலைவு நேரம் அதன் நீளத்தைச் சார்ந்துள்ளதா என்று அறிய விரும்புகிறோம். நீளத்தை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொள்கிறோம். நோயாளிகளிடம் இது இயலுமா? ஒருவர் இளைஞர், மற்றவர் முதியவர். ஒருவர் உண்டு கொழுத்தவர், மற்றவர் மெலிந்தவர். எந்த இருவரும் ஒரே மாதிரி இல்லை. காசநோயில் சிலர் மருந்தின்றித் தாமாகவே தேறுவதும் உண்டு. அப்படியிருக்க, மருந்தால் தேறியவர் யார், தானாகத் தேறியவர் யார் என்று எங்ஙனம் பிரிப்பது?

ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலறிஞர் இதற்கு ஒரு வழி சொன்னார். நோயாளிகளை ஒரே மாதிரி ஆக்க முடியாது. ஆனால் எந்த நோயாளி எந்தக் குழுவில் சேருவார் என்பதைச் சமவாய்ப்பு முறையில் முடிவு செய்யலாம். நாணயத்தைச் சுண்டிப் போடுவது போன்றதுதான் இது. அப்போது முதுமை, மெலிவு, நோயின் கடுமை ஆகிய அனைத்தும், நாம் அறியாத வேறு காரணங்களும்கூட, இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடும். மருத்துவர் தமக்கு வேண்டியவரை மருந்துக் குழுவில் சேர்த்துவிடாமல் இருக்க, முடிவு மூடிய உறைக்குள் வைக்கப்பட்டது.

பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1947-இல் இம்முறையில் பல மருத்துவமனைகளை இணைத்துச் சோதனையைத் தொடங்கியது. ஒரே மருத்துவமனையில் போதிய நோயாளிகள் கிடைக்காததால் பலரும் ஒரே விதிப்படி வேலை செய்ய வேண்டியிருந்தது. கூட்டு ஆராய்ச்சி வலையின் விதை இங்கே ஊன்றப்பட்டது எனலாம். 55 பேர் ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும் பெற்றனர். 52 பேர் ஓய்வு மட்டும் பெற்றனர். மருந்து அப்போது பிரிட்டனில் மிகக் குறைவாகவே இருந்ததால், எல்லாருக்கும் கொடுப்பது எவ்வாறும் இயலாது. ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தனர்.

இங்கு ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். ஓய்வு மட்டும் பெற்றவர்களுக்குத் தாம் ஒரு சோதனையில் இருப்பதே தெரியாது. நோயாளியின் இசைவைக் கேட்டுப் பெற வேண்டும் என்ற விதி அன்று வேரூன்றவில்லை. இன்று அவ்வாறு செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

பெருக்கல் கணக்கு

வெற்றி நீடிக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும், பெறாத 52 பேரில் 35 பேரும் இறந்திருந்தனர். முதல் ஆறு மாதத்தில் கண்ட பெரிய வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டன என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. அதை எளிய கணக்கால் விளக்கலாம்.

நுரையீரலில் விழும் ஒரு குழியில் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கக்கூடும். அவற்றில் ஏறத்தாழப் பத்து லட்சத்துக்கு ஒன்று, ஒரு குறிப்பிட்ட மருந்தை எதிர்க்கும் தன்மையோடு தற்செயலாகவே பிறந்திருக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் குழியில் அத்தகைய கிருமிகள் நூறு இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொல்கிறது. இந்த நூறும் பிழைத்துப் பெருகுகின்றன. சில மாதங்களில் குழி முழுவதும் அவற்றின் வாரிசுகளே!

இரண்டு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தால்? இரண்டையும் ஒருங்கே எதிர்க்கும் கிருமி, பத்து லட்சம் பெருக்கல் பத்து லட்சத்துக்கு ஒன்றுதான். அதாவது லட்சம் கோடிக்கு மேலும் பத்து மடங்கு அல்ல, சரியாக ஒரு லட்சம் கோடிக்கு ஒன்று. குழியில் இருப்பதோ பத்துக் கோடி. எனவே தப்பும் கிருமி அநேகமாக இல்லை. சுவீடனில் யோர்கன் லேமன் உருவாக்கிய 'பாஸ்' என்ற மருந்தும், 1952-இல் பயனுக்கு வந்த ஐசோனியாசிடும் இக்கணக்கை நடைமுறையில் மெய்ப்பித்தன. ஐசோனியாசிட் மலிவானது, வாய்வழி உண்ணக்கூடியது. 1912-இலேயே ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்பட்ட பொருள் அது. அதன் மருத்துவப் பயன் தெரியாமல் நாற்பது ஆண்டுகள் கிடந்தது.

சென்னையில் எழுந்த கேள்வி

இனி இந்தியாவுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1955 முதல் 1958 வரை நாடு தழுவிய காசநோய்க் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. காசநோய் நகரத்து நோய் என்ற எண்ணம் தவறு, கிராமங்களிலும் ஏறத்தாழ அதே அளவில் இருக்கிறது என்று அது காட்டியது. நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தனர். காசநோய்ப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. எல்லாருக்கும் சானடோரியம் கட்டுவதென்றால் நாட்டின் வருமானம் போதாது.

மருந்து வந்துவிட்டது. அதை வீட்டிலேயே கொடுத்தால் என்ன? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் அன்றைய அறிஞர்கள் எழுப்பிய ஐயங்களை அலட்சியம் செய்துவிட முடியாது. ஒரே அறையில் ஆறேழு பேர் வாழும் குடிசையில் நோயாளிக்கு ஓய்வு ஏது? சத்துணவு ஏது? மருந்தை ஒழுங்காக உண்பாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, அருகில் உறங்கும் குழந்தைகளுக்கு நோய் தொற்றாதா? வீட்டு மருத்துவம் ஏழை நாடுகளுக்கான இரண்டாந்தர மருத்துவம் ஆகிவிடாதா?

மறுபக்கமும் ஒன்று உண்டு. குடும்பத் தலைவன் ஓராண்டு சானடோரியத்தில் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. தாய் போய்விட்டால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? சானடோரியத்தின் கட்டிலைப் பற்றிப் பேசியவர்கள் பலர். நோயாளி விட்டுவந்த வீட்டைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே.

இக்கேள்விக்கு விடை காண நான்கு அமைப்புகள் சேர்ந்தன: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு. இவை சேர்ந்து 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. பிரிட்டனைச் சேர்ந்த வாலஸ் ஃபாக்ஸ் அதை முன்னின்று நடத்தினார். கிருமியியல் ஆய்வுகளுக்கு லண்டனிலிருந்து டெனிஸ் மிச்சிசன் துணை நின்றார். மருத்துவர்கள், செவிலியர், வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பார்வையாளர்கள், ஆய்வுக்கூடப் பணியாளர்கள், புள்ளியியலாளர்கள் எனப் பலரும் அதில் பணியாற்றினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்தியர்.

சோதனை நடந்த விதம்

சென்னை நகரின் ஏழைப் பகுதிகளில் வாழ்ந்த, சளியில் கிருமி காணப்பட்ட நோயாளிகள் தெரிந்தெடுக்கப்பட்டனர். சமவாய்ப்பு முறையில் ஒரு பாதியினர் சானடோரியத்துக்கும் மறு பாதியினர் தங்கள் வீட்டுக்கும் அனுப்பப்பட்டனர். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே: ஐசோனியாசிடும் பாஸும், ஓராண்டுக் காலம். ஊசல் எடுத்துக்காட்டை நினைவுகூருங்கள். மருந்து மாறாமல் இருக்கிறது; இடம் மட்டும் மாறுகிறது.

வீட்டு நோயாளிகள் வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து பெற்றுச் சென்றனர். சுகாதாரப் பார்வையாளர்கள் முன்னறிவிப்பின்றி அவர்கள் வீட்டுக்குச் சென்று, மீதமுள்ள மருந்தை எண்ணினர். சிறுநீரும் பெற்று வந்தனர். பாஸ் உண்டவரின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்தால் நிறம் மாறும். மருந்து உள்ளே போனதா என்பதை இந்த எளிய வேதியியல் சோதனை காட்டிக்கொடுத்தது. எக்ஸ்ரே படங்களைப் படித்து மதிப்பிட்டவருக்கு எந்தப் படம் எந்தக் குழுவினருடையது என்பது தெரியாது. தெரிந்திருந்தால் விருப்பு வெறுப்பு கண்ணை மறைக்கும் அல்லவா?

விடை

முதல் ஆண்டின் முடிவுகள் 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியாயின. சளியில் கிருமி நீங்கி நோய் அடங்கிய நிலையை அடைந்தோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் 86 பேர். இச்சிறு வேறுபாடு, எண்ணிக்கையின் தற்செயல் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்குவதே. தொடர்ந்து ஐந்தாண்டுகள் வரை கவனித்ததில் இரு குழுக்களும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன.

இந்த முடிவின் வலிமையை உணர, இரு குழுக்களின் வாழ்க்கையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவு, நல்ல காற்று, நீண்ட ஓய்வு, செவிலியர் கவனிப்பு எல்லாம் கிடைத்தன. அவர்கள் எடையும் அதிகம் கூடினர். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலில் வாழ்ந்தனர். குறைந்த உணவே உண்டனர். பலர் வேலைக்கும் சென்றனர். எல்லாச் சாதகங்களும் ஒரு தட்டில், எல்லாப் பாதகங்களும் மறு தட்டில். அப்படியிருந்தும் தராசு முள் நடுவிலேயே நின்றது. ஆகவே கிருமியை வென்றது கட்டிலும் காற்றும் அல்ல, முறையாக உண்ட மருந்தே என்ற முடிவு தவிர்க்க முடியாததாயிற்று.

தொற்று பற்றிய அச்சம் என்னவாயிற்று? நோயாளிகளின் குடும்பத்தினர் அனைவரையும் மையம் ஆண்டுக்கணக்கில் பரிசோதித்து வந்தது. வீட்டு நோயாளிகளின் உறவினருக்கு, சானடோரிய நோயாளிகளின் உறவினரைவிட அதிகமாக நோய் வரவில்லை. காரணம் இதுதான்: குடும்பத்தாருக்குத் தொற்று ஏற்படுவது பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே. மருந்து தொடங்கிய பிறகு நோயாளி விரைவில் தொற்றும் தன்மையை இழந்துவிடுகிறார். எனவே அவரை வீட்டைவிட்டு அகற்றுவதால் பெரும் பயன் இல்லை. அவரை விரைவில் கண்டுபிடிப்பதால்தான் பயன். தனிப் பாய், தனித் தட்டு என்ற நடைமுறைக்கு இருந்த அடிப்படையையே இம்முடிவு அசைத்துவிட்டது.

சென்னைக் குடிசைகளில் கிடைத்த இவ்விடை செல்வ நாடுகளையும் மாற்றியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது வேறு மருத்துவமனைகளாயின. ஏழை நாட்டுக்கான மாற்று வழி என்று தொடங்கியது, எல்லா நாட்டுக்கும் உரிய வழியாயிற்று. இந்தியா 1962-இல் தேசியக் காசநோய்த் திட்டத்தை வீட்டு மருத்துவத்தின் அடிப்படையிலேயே அமைத்தது.

மருந்தை ஏன் நிறுத்துகிறார்கள்?

எல்லாம் இனிதே முடிந்ததா என்றால் இல்லை. திடீர்ச் சோதனைகள் ஒரு கசப்பான உண்மையையும் வெளிப்படுத்தின. நோயாளிகளில் சிலர் மருந்தை ஒழுங்காக உண்ணவில்லை. பாஸ் நாளொன்றுக்குப் பத்துக் கிராம் அளவுக்கு உண்ண வேண்டிய மருந்து. குமட்டலும் வயிற்றுக் கோளாறும் தரும். இரண்டு மாதத்தில் இருமலும் காய்ச்சலும் நின்றுவிடும். உடம்பு தேறிவிட்டதென்று தோன்றும்போது, குமட்டும் மருந்தை இன்னும் பத்து மாதம் உண்ண யாருக்குத்தான் மனம் வரும்?

இதற்கு மையம் கண்ட தீர்வு, கண்காணித்துக் கொடுக்கும் மருந்து. நாள்தோறும் நோயாளியை வரச் சொல்ல முடியாது. வாரம் இருமுறை வரச் சொல்லி, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் உயர்ந்த அளவில் ஐசோனியாசிடும் பணியாளர் முன்னிலையிலேயே கொடுத்தால்? காசநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. மருந்தின் அடி ஒருமுறை விழுந்தால் மீண்டும் பெருகத் தொடங்கச் சில நாள் ஆகும். 1961-இல் தொடங்கி 1964-இல் வெளியான சோதனை, வாரம் இருமுறை முறை தினசரி முறைக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. பின்னாளில் உலகெங்கும் பரவிய 'டாட்ஸ்' என்னும் நேரடிக் கண்காணிப்பு முறையின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

இதே காலத்தில் பெங்களூரில் 1959-இல் நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனம் வேறொரு பக்கத்திலிருந்து சிக்கலை அணுகியது. அங்கே மருத்துவர்களோடு சமூகவியலறிஞர்களும் பணியாற்றினர். தேபாபார் பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் என்ற இருவர் தும்கூர் மாவட்டக் கிராமங்களுக்குச் சென்று, காசநோய் கண்டவர்களிடமே நேரில் வினவினர். 'கிராமத்தானுக்கு நோயைப் பற்றிய உணர்வு இல்லை, மருத்துவமனைக்கு வரமாட்டான்' என்பது அன்று நகரத்தில் நிலவிய எண்ணம். 1963-இல் வெளியான அவர்கள் ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தமக்கு நோய் இருப்பதை உணர்ந்திருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் அதற்காக மருத்துவ நிலையங்களையும் நாடியிருந்தனர். அங்கே சளியைச் சோதிக்காமல் இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்! குறை கதவைத் தட்டியவரிடம் இல்லை. கதவைத் திறக்காதவரிடம் இருந்தது.

நோயாளியிடம் கேட்டதால் கிடைத்த விடை இது. கேட்காமல் இருந்திருந்தால், கிராமத்தாருக்கு அறிவு புகட்டும் பிரசாரத்திலேயே பணமெல்லாம் கரைந்திருக்கும்.

வலை விரிகிறது

சென்னையில் உருவான வேலைமுறை வேறு நாடுகளுக்கும் சென்றது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு கென்யா, உகாண்டா, தான்சானியா, ஜாம்பியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளோடும், ஹாங்காங், சிங்கப்பூர் மையங்களோடும் சேர்ந்து உழைத்தது. எல்லா இடத்திலும் ஒரே விதிகள், ஒரே வகைப் பதிவேடுகள், ஒரே அளவுகோல். எனவே ஓரிடத்தில் கிடைத்த விடையை மற்றோரிடத்தில் சரிபார்க்க முடிந்தது.

இந்த வலையின் அடுத்த கேள்வியும் நோயாளியின் வாழ்விலிருந்தே பிறந்தது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு மருந்து என்பது நீண்ட காலம். அதைச் சுருக்க முடியுமா? 1970-களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த சோதனைகள், ரிஃபாம்பிசின் அல்லது பைரசினமைடு சேர்ந்த மருந்துகளால் ஆறு மாதத்தில் முடிக்க முடியும் என்று காட்டின. இன்றும் சாதாரணக் காசநோய்க்கு உலகெங்கும் பெரிதும் வழங்கப்படுவது ஆறு மாதச் சிகிச்சையே. சென்னை மையம் 1978-இல் காசநோய் ஆராய்ச்சி மையம் என்றும், 2011-இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் மாறித் தன் பணியைத் தொடர்ந்தது.

கேட்கப்படாத கேள்வி

ஒரு சோதனை, தான் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். மாணவர்கள் இதை மறக்கக்கூடாது. 1961-இல் சென்னை மையம் உணவு பற்றிய தன் ஆய்வை வெளியிட்டது. குறைந்த உணவு உண்ட வீட்டு நோயாளிகளும் மருந்தால் கிருமி நீங்கப் பெற்றனர் என்பது அதன் முடிவு. 'நல்ல உணவு கிடைக்கவில்லை என்பதற்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம்' என்பதே அதற்குச் சரியான பொருள். ஆனால் காலப்போக்கில் 'காசநோயாளிக்கு உணவு முக்கியமல்ல' என்று பலர் அதைப் படித்துவிட்டனர். இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் உண்டு.

சானடோரியத்தை விட்டபோது அதனோடு சேர்ந்து சோற்றையும் விட்டுவிட்டோம். சளியில் கிருமி இருக்கிறதா என்று ஆய்வாளர் கேட்டார். பசிக்கிறதா, வேலைக்குப் போகத் தெம்பு வந்ததா, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்பவை நோயாளியின் கேள்விகள். அவை பதிவேட்டில் இடம்பெறப் பல பத்தாண்டுகள் ஆயின.

2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் ஒரு பெரிய சோதனை நடந்தது. சென்னை நிறுவனமும் அதில் பங்கு கொண்டது. 2,800 காசநோயாளிகளுக்கு மருந்தோடு மாதந்தோறும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. அவர்களுடைய குடும்பங்களைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவில் குடும்பத்தாருக்கும் உணவுப் பொருள்கள் கொடுத்தனர். மொத்தம் 10,345 உறவினர் கவனிக்கப்பட்டனர். 2023-இல் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களிடம் இறப்பு மிகக் குறைவாக இருந்தது. அரிசியும் பருப்பும் எண்ணெயும் பால்தூளும் நோய்த் தடுப்பு மருந்தாகவே வேலை செய்தன! காசநோயாளிகளுக்கு உணவுக்கென இந்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கி வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மருந்து கொடுக்கும் முறையிலும் திருத்தம் வந்தது. வாரத்தில் சில நாள் மட்டும் மருந்து என்ற முறையை இந்தியத் திட்டம் 1997 முதல் வாரம் மும்முறை என்ற வடிவில் கையாண்டது. எச்.ஐ.வி. தொற்றும் சேர்ந்த காசநோயாளிகளிடம் சென்னை நிறுவனம் நடத்திய சோதனை, அவர்களுக்குத் தினசரி மருந்தே மேலானது என்று காட்டியது. 2017-இல் நாடு முழுவதும் தினசரி முறைக்கு மாறியது. வாரமுறையை உலகுக்குத் தந்த இடமே அதன் எல்லையையும் எடுத்துக்காட்டியது. தன் பழைய விடையைத் தானே மறுபடி சோதிக்கும் துணிவு அறிவியலுக்கு அழகு.

யாருக்கு வீடு, யாருக்குக் கட்டில்?

தமிழ்நாட்டில் 2022-இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கப்பட்டது. காசநோய் உறுதியானவுடன் ஒவ்வொரு நோயாளியின் உயரம், எடை, மூச்சு வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பன போன்றவற்றைச் சுகாதாரப் பணியாளர் பார்க்கிறார். இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நிலை கடுமையாக உள்ளவரை உடனே மருத்துவமனையில் சேர்த்து ஊட்டமும் சிகிச்சையும் அளிக்கின்றனர். ஏனையோர் வீட்டிலிருந்தே மருந்து உண்கின்றனர்.

1956-இல் கேட்கப்பட்ட கேள்வி, 'வீடா, கட்டிலா?' என்பது. பெரும்பாலோருக்கு வீடே போதும் என்ற விடை அன்று கிடைத்தது. அது இன்றும் நிற்கிறது. இன்றைய கேள்வி இன்னும் நுட்பமானது: 'இந்த ஒருவருக்கு இப்போது எது?' பலரைச் சேர்த்துப் பார்த்துச் சராசரி கண்ட பின்னர்தான், சராசரியில் அடங்காத ஒருவரை அடையாளம் காண முடிகிறது. இரண்டும் தேவை. முதலாவது இல்லையேல் ஊகம். இரண்டாவது இல்லையேல் அலட்சியம்.

வாசகர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். இந்த வரலாற்றில் வாலஸ் ஃபாக்ஸ், பிராட்ஃபோர்டு ஹில் போன்ற பெயர்கள் நூல்களில் நிற்கின்றன. ஆனால் வாரந்தோறும் நடந்து வந்து மருந்து பெற்று, ஐந்து ஆண்டுகள் சளியும் சிறுநீரும் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட சென்னைத் தொழிலாளர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. வலை என்று சொன்னோம். அந்த வலையின் முடிச்சுகள் லண்டனிலும் ஜெனீவாவிலும் மட்டும் இருக்கவில்லை. ஓலைக் குடிசைகளிலும் இருந்தன. அவர்கள் கொடுத்த விடையால்தான் உலகெங்கும் எத்தனையோ தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை விட்டுப் பிரியாமலே குணமடைந்தார்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ எவருக்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால், அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சளியைச் சோதிக்கச் சொல்லுங்கள். சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். நோய் உறுதியானால் மருந்தை முழுக் காலமும் உண்ணச் சொல்லுங்கள். தனித் தட்டு வைக்காதீர்கள். அந்தத் தட்டில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி பருப்பைக் கூடுதலாகப் போடுங்கள்.